மலையேறும் மின்சாரம்

வத்தல்மலை மேலே ஒரு டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்தியபோது திரை 61 சதவீதம் காட்டியது. காலையில் தருமபுரி ஊருக்குள்ளிருந்து நூறு சதவீதத்தோடு கிளம்பினோம். பின்னால் நண்பன். கொமத்தம்பட்டி தாண்டியதும் ஏற்றம் ஆரம்பிக்கிறது. இருபதுக்கும் மேலே கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் நான் ரோட்டைப் பார்த்தேன், அவன் என் தோளுக்கு மேலாகச் சதவீதத்தைப் பார்த்தான். வண்டி முனகாமல் ஏறிவிட்டது.

கடைக்காரர் வெளியே வந்து வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "கரண்டு வண்டிங்களா தம்பி? ஏறிடுச்சே!"

"ஏறிடுச்சுங்கண்ணே. கொஞ்ச நேரம் சார்ஜ் போட்டுக்கலாமா? பிளக் பாயின்ட் இருக்குங்களா?"

"பாயின்ட்டு இருக்குதுங்க. கரண்டுதான் இல்ல. நேத்து ராத்திரி காத்தடிச்சுது, மலையேறிப் போச்சு."

எல்லோரும் சிரித்தோம். நம் வீடுகளில் விளக்கு அணைந்தால் 'அணைந்துவிட்டது' என்று சொல்ல மாட்டார்கள், 'மலையேறிடுச்சு' என்பார்கள். இங்கே மலை மேலேயே நின்றுகொண்டு ஒருவர் கரண்ட் மலையேறிவிட்டது என்கிறார். அப்படியானால் அது எந்த மலைக்குப் போனது?

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. மின்வண்டிகளின் எதிர்காலம் என்ற பேச்சை எடுத்தாலே நம் ஆட்கள் பேட்டரி, ரேஞ்ச், பாஸ்ட் சார்ஜர், ஹைட்ரஜன் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். நானும் பொறியியல் படித்தவன்தான், எனக்கும் அந்தப் பேச்சு பிடிக்கும். ஆனால் மின்வண்டியின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கப்போவது ஓஎம்ஆர் அடுக்ககத்தின் அடித்தளத்தில் நிற்கும் கார் இல்லை. வத்தல்மலை மாதிரி ஓர் ஊரில் பகல் வெயிலை ராத்திரி வரை பிடித்து வைக்க முடிகிறதா, பிடித்து வைத்தது யாருக்குச் சொந்தம் என்பதுதான் தீர்மானிக்கும். அங்கே தோற்கிற ஏற்பாட்டை 'எரிசக்தி மாற்றம்' என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் மாயாஜாலக்காரர்களை வழியனுப்பிவிடுவோம். எல்லாக் குடும்ப வாட்ஸப் குழுவிலும் ஒரு மாமா இருப்பார். "சக்கரத்துல ஒரு டைனமோ மாட்டினா வண்டி ஓட ஓட தானே சார்ஜ் ஆகும், கம்பெனிக்காரன் மறைக்கிறான்" என்று வீடியோ அனுப்புவார். சைக்கிளில் டைனமோ வைத்து ஓட்டியவர்களுக்குத் தெரியும், டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்ததும் பெடல் கனக்கும். அந்தக் கனம்தான் விளக்கின் விலை. 1996-ல் மூலிகை பெட்ரோல் என்று தமிழ்நாடே மயங்கிக் கிடந்தது. தண்ணீரில் இலையைப் போட்டால் பெட்ரோல் வரும் என்று படித்தவர்களும் நம்பினார்கள், நம்ப ஆசைப்பட்டார்கள். அது தனிமனிதரின் கதை மட்டுமல்ல. உழைப்பில்லாமல், கணக்கில்லாமல், ஒரே இரவில் எல்லாம் மாறிவிட வேண்டும் என்கிற நம்முடைய ஆசையின் கதை.

அதே காலத்தில் இன்னொரு தமிழரின் கதையும் நடந்துகொண்டிருந்தது, அதைப் பற்றி எந்த டீக்கடையிலும் பேச்சில்லை. ஆறுமுகம் மந்திரம், அமரபுரம் என்ற சிற்றூரில் பிறந்தவர், மதுரையில் வேதியியல் படித்தவர், சென்னை ஐஐடியில் ஆய்வு முடித்தவர். 1980களில் ஜான் குட்இனஃபுடன் சேர்ந்து, பேட்டரியின் நேர்மின்முனைக்குச் சாதாரண ஆக்சைடுக்குப் பதிலாக சல்பேட் போன்ற கூட்டயனிச் சேர்மங்களைப் பயன்படுத்தினால் மின்னழுத்தம் கூடும் என்று காட்டினார். அந்தப் பாதையில் போய்த்தான் 1997-ல் குட்இனஃபின் டெக்சாஸ் ஆய்வகத்தில் அக்ஷய பாதி, நஞ்சுண்டசாமி ஆகியோர் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டைக் கண்டார்கள். இன்று எல்எஃப்பி என்று நாம் சொல்வது அதைத்தான். கோபால்ட் வேண்டாம், நிக்கல் வேண்டாம், இரும்பும் பாஸ்பேட்டும் போதும். நம் ஊர் வெயிலைத் தாங்கும், எளிதில் தீப்பிடிக்காது, மூவாயிரம் தடவைக்கு மேல் ஏற்றி இறக்கலாம். 2019-ல் குட்இனஃபுக்கு நோபல் கிடைத்தபோது, தொண்ணூற்று ஏழு வயதுக்காரரான அவருக்குப் பதிலாக அந்த உரையை ஸ்டாக்ஹோமில் நிகழ்த்தியவர் மந்திரம்தான். மூலிகை பெட்ரோல் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆக, வேதியியல் தன் வேலையைச் செய்துவிட்டது. பாக்கி இருப்பது நம் வேலை.

அடுத்து நக்கல் கோஷ்டி. "உன் வண்டி நிலக்கரியில ஓடுது, புகை மட்டும் வேற ஊர்ல" என்பார்கள். பாதி உண்மை. இந்தியாவின் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரிதான், யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. மின்ஸ்கூட்டர் கிலோமீட்டருக்கு ஒரு யூனிட்டில் நூற்றில் மூன்று பங்கு தின்கிறது. கம்பியில் ஆகும் இழப்பையும் சேர்த்தால்கூட 30 கிராமுக்குள் முடிகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ, லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடினால் 50 கிராம். பேட்டரியைச் செய்யும்போது வரும் புகை தனி, அதை வண்டி ஓடி ஓடித்தான் அடைக்க வேண்டும். அப்படியும் கணக்கு மின்வண்டியின் பக்கம்தான். ஆனால் நக்கல்காரர்கள் தெரியாமலே ஓர் உண்மையைத் தொடுகிறார்கள். எந்த மணி நேரத்தில் சார்ஜ் போடுகிறோம் என்பதைப் பொறுத்து அந்த மின்சாரத்தின் குலம் கோத்திரமே மாறிவிடுகிறது.

தமிழ்நாட்டில் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியாகிவிட்டது. சூரியமின் திறனும் அந்த அளவுக்கு வந்துவிட்டது. பகல் பன்னிரண்டு மணிக்கு வெயில் கொட்டுகிறது, காற்றுக் காலத்தில் முப்பந்தலில் காற்றாடிகள் ஓய்வில்லாமல் சுற்றுகின்றன. வாங்கிக்கொள்ள ஆள் இல்லாத நேரத்தில் 'உற்பத்தியைக் குறை' என்று சூரியமின் நிலையங்களுக்கு உத்தரவு போனது உண்டு. அந்த வழக்கு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போய், 2021 ஆகஸ்டில் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. இலவசமாக வந்த வெயிலை வாங்காமல் விட்டதற்குக் காசு! இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நாம் எல்லோரும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து இரவு ஏழரைக்கு வண்டியைச் செருகுகிறோம். சூரியன் போய்விட்ட நேரம், ஏசியும் டிவியும் கிரைண்டரும் ஓடுகிற நேரம்.

ஒரு சின்னக் கணக்கு. பத்து லட்சம் ஸ்கூட்டர்கள், ஆளுக்கு 750 வாட் சார்ஜர், ஒரே நேரத்தில். 750 மெகாவாட். ஆனைமலையில் இருக்கும் காடம்பாறை நீரேற்று மின்நிலையத்தின் மொத்தத் திறன் 400 மெகாவாட். கிட்டத்தட்ட இரண்டு காடம்பாறை வேண்டும், ஸ்கூட்டருக்கு மட்டும். அந்த 750 மெகாவாட்டைப் பகல் ஒரு மணிக்குக் கேட்டிருந்தால் வெயிலே கொடுத்திருக்கும். நம் வண்டிகள் நாளில் இருபத்திரண்டு மணி நேரம் சும்மாதான் நிற்கின்றன. அதில் பாதி நேரம் நிற்பது ஆபீஸ், கல்லூரி, பஸ் ஸ்டாண்ட், மார்க்கெட் வாசலில், வெயிலில். அங்கே ஒரு பதினைந்து ஆம்பியர் பிளக் கிடையாது. வீட்டு மீட்டருக்கோ மணி பார்க்கத் தெரியாது. பகல் யூனிட்டும் ராத்திரி யூனிட்டும் அதற்கு ஒன்றுதான். நேரத்துக்கு ஏற்ற கட்டணம் வேண்டும் என்று 2023-ல் ஒன்றிய அரசு விதியைத் திருத்தியது, ஆனால் ஸ்மார்ட் மீட்டர் வந்த பிறகுதான் அது வேலை செய்யும். அதுவரை ஒவ்வொரு புது மின்வண்டியும் மாலை நேரச் சுமையில் இன்னொரு கல்லை வைக்கிறது. ஷோரூமில் எத்தனை வண்டி விற்றது என்பதை மட்டும் கொண்டாடுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை. விற்பனை எண்ணிக்கை கம்பெனிக்கு வெற்றி. நாட்டுக்கு வெற்றியா என்பதைச் சார்ஜ் போடும் நேரம்தான் சொல்லும்.

இப்போது மலைக்கு வருகிறேன்.

தமிழ்நாடு அரசின் 2023 மின்வாகனக் கொள்கை ஆறு நகரங்களை முன்னோடி நகரங்களாகத் தேர்ந்தெடுத்தது: சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி. 50,000 கோடி ரூபாய் முதலீடு, ஒன்றரை லட்சம் வேலை என்பது இலக்கு. தப்பில்லை. ஆனால் அந்த வண்டிகள் எங்கே பிறக்கின்றன? ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும். ஓலாவின் தொழிற்சாலையும் அதன் பேட்டரிச் செல் ஆலையும் இருக்கிற போச்சம்பள்ளி, 2004 வரை தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. தருமபுரிக்காரனுக்கு அது பக்கத்து ஊர். வண்டி செய்கிற மண் அந்தப் பட்டியலில் இல்லை. கேட்டால் சொல்வார்கள்: "முதல்ல நகரத்துல செட் ஆகட்டும் பாஸ், அப்புறம் தானா கிராமத்துக்கு வரும்." தானாக எதுவும் மலைக்கு வந்ததாகச் சரித்திரம் இல்லை. வத்தல்மலைக்குத் தார் ரோடு வரவே சுதந்திரம் கிடைத்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆனது. 2021 செப்டம்பர் கடைசியில் முதல்வர் ஸ்டாலின் மலைக்கு வந்துபோனார். அதன் பிறகுதான் அரசுப் பேருந்து ஏறியது. அதுவரை நோயாளியைத் தூளி கட்டித் தூக்கி இறக்கிய கதை மலையில் எல்லா வீட்டிலும் உண்டு.

தானாக வராது, ஆனால் வரவைக்க முடியும். அதற்கும் இதே மாவட்டத்தில் சாட்சி இருக்கிறது. 2021 சட்டமன்றத் தேர்தலுக்குக் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில் ஏறின. செய்தியில் எல்லோரும் கழுதையைப் பார்த்தார்கள், நான் இயந்திரத்தைப் பார்த்தேன். அது பேட்டரியில் ஓடுவது. ஏன்? மின்சாரமே இல்லாத கடைசி வாக்குச்சாவடியை மனதில் வைத்து அதை வடிவமைத்தார்கள். தி.நகரில் முதலில் ஓடட்டும், அப்புறம் கோட்டூருக்குப் பார்க்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. கடைசி ஊரை நினைத்துச் செய்தது முதல் ஊரிலும் ஓடியது. ஓட்டு வாங்குவதற்கு இருந்த அந்த அக்கறை, வண்டி ஓட்டுவதற்கு ஏன் இல்லை?

"மலையில சில ஆயிரம் பேர்தானே, யார் சார்ஜர் பயன்படுத்துவாங்க?" என்று கேட்கலாம். கேட்கிறவர் மலையின் பொருளாதாரத்தைப் பார்த்ததில்லை. பெட்ரோல் பங்க் கீழே. மேலே பாட்டிலில் வாங்கினால் கூடுதல் விலை. வத்தல்மலையில் காப்பி விளைகிறது, மிளகு விளைகிறது, சாமையும் ராகியும் விளைகின்றன. விற்ற காசில் ஒரு பங்கு பெட்ரோலாக மலையிறங்கிவிடுகிறது. பெட்ரோலை மேலே தூக்கி வர வேண்டும், வெயிலைத் தூக்கி வர வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துக் கூரையில் 5 கிலோவாட் தகடு போட்டால் சராசரியாக நாளைக்கு 20 யூனிட். ஸ்கூட்டருக்கு 2.5 யூனிட் என்றால் எட்டு வண்டி நிரம்பும். மலை ரோட்டுக்குப் பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் எல்லா வண்டியும் சேர்ந்து 300 கிலோமீட்டர். பெட்ரோலில் அது ஏறக்குறைய பத்து லிட்டர், ஆயிரம் ரூபாய். தினமும் ஆயிரம் ரூபாய் மலையிலேயே தங்குகிறது, ஒரே ஒரு கூரையிலிருந்து. இதற்குக் கோடி ரூபாய் பாஸ்ட் சார்ஜர் தேவையில்லை. ஒரு கூரை, ஒரு எல்எஃப்பி பேட்டரிப் பெட்டி, நான்கு பிளக்.

மலை ஏறுவதுகூடப் பெரிய விஷயமில்லை. தருமபுரிக்கும் மலை உச்சிக்கும் உயர வித்தியாசம் சுமார் 600 மீட்டர். வண்டியும் இரண்டு ஆளும் சேர்ந்து 250 கிலோ. இவ்வளவையும் அவ்வளவு உயரம் தூக்க வெறும் 0.4 யூனிட்தான். இறங்கும்போது அதில் ஒரு பங்கைப் பிரேக்கே திருப்பிக் கொடுக்கிறது. நாங்கள் மேலே 61-ல் கிளம்பி ஊருக்குள் வந்து சேர்ந்தபோது 57. மேலே நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்கினால் அந்தத் திரும்பும் மின்சாரத்தை வாங்க பேட்டரியில் இடமே இருக்காது. மலைக்காரர்கள் எண்பதில் நிறுத்தினால் போதும். 12 டன் பேருந்துக்கு இதே கணக்கைப் போடுங்கள்: ஒரு தடவை தூக்க 20 யூனிட். டீசல் பேருந்து அந்த உயரத்தை இறங்கும்போது பிரேக்கில் சூடாக்கிக் காற்றில் விடுகிறது. மின்பேருந்து அதில் பாதியையாவது சேமிக்கும். ஸ்விட்சர்லாந்தில் பீல் நகருக்குப் பக்கத்தில் ஒரு கல்குவாரியில் 'இடம்பர்' என்றொரு ராட்சத மின்லாரி ஓடுகிறது. மேலிருந்து கல்லை நிரப்பிக்கொண்டு இறங்குகிறது, காலியாக ஏறுகிறது. இறங்கும்போது சேரும் மின்சாரமே ஏறுவதற்குப் போதும். வத்தல்மலையிலும் பாரம் இறங்குவது காப்பி மூட்டையும் மிளகு மூட்டையுமாகத்தான். கல்குவாரி அளவுக்கு மிச்சமாகாது, ஆனால் கணக்கு மலைக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் 2025 ஜூனில் வந்த முதல் 120 தாழ்தள மின்பேருந்துகள் ஓடுவது சென்னையில், சமதரையில்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. சேமிப்பு என்ற சொல்லுக்கு இந்த நாட்டில் அர்த்தமே மலைதான். காடம்பாறை என்றால் என்ன? கீழே இருக்கும் தண்ணீரை, மின்சாரம் மிச்சமிருக்கும் நேரத்தில் மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்குவது. குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு அதே மாதிரி நிலையத்தின் கட்டுமான வேலை வருஷக்கணக்காக இழுத்திருக்கிறது. வெயிலும் காற்றும் பெருகப் பெருக இது போன்ற திட்டங்கள் இன்னும் வரும், வந்தாக வேண்டும், எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் கவனியுங்கள், மலை எப்போதும் சமவெளியின் பேட்டரியாகவே இருந்திருக்கிறது. ஆனைமலையின் பழங்குடிக் குடியிருப்புகள் பலவற்றில் முதல் பல்பு எரிந்தது, காடம்பாறையில் டர்பைன் சுற்ற ஆரம்பித்து வெகுகாலம் கழித்துத்தான். டீக்கடைக்காரர் சொன்ன கரண்ட் எந்த மலைக்குப் போனது என்று கேட்டேனே, அது எந்த மலைக்கும் போகவில்லை. மலை வழியாகக் கீழே இறங்கிவிட்டது.

தகடு போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. சூரிய விளக்குக் கம்பங்களை எத்தனையோ ஊர்களில் பார்த்திருக்கிறேன். தகடு பளபளப்பாக இருக்கும், விளக்கு எரியாது. தகட்டுக்கு ஆயுள் 25 வருஷம், உள்ளே இருக்கும் ஈய பேட்டரிக்கு நாலைந்து வருஷம். பேட்டரியை வாங்க நிதி ஒதுக்கியவர்கள் அதை மாற்ற நிதி ஒதுக்கவில்லை. திறப்பு விழாவுக்கு ரிப்பன் உண்டு, பேட்டரி மாற்றும் நாளுக்கு ரிப்பன் இல்லை. மென்பொருளில் எங்களுக்கு இது தினசரி அனுபவம்: எழுதுவது சுலபம், ஐந்து வருஷம் ஓடவைப்பதுதான் வேலை. எனவே மலைக்குச் சேமிப்பு என்றால் பேட்டரியோடு சேர்த்து அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளும், அவருக்குச் சம்பளமும், எட்டாம் வருஷம் புதுப் பேட்டரிக்கான பணமும் முதல் நாளே கணக்கில் இருக்க வேண்டும். அந்த ஆள் மலையிலேயே இருக்கிறார். ஐடிஐ முடித்துவிட்டுத் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறக் காத்திருக்கிறார்.

இன்னொரு வழியும் இருக்கிறது. வண்டியில் எழுபது, எண்பது சதவீதத்துக்குத் தேய்ந்த பேட்டரி வண்டிக்குத்தான் லாயக்கில்லை. ஓரிடத்தில் உட்கார்ந்து வெயிலைப் பிடித்து வைக்க அது இன்னும் பல வருஷம் உழைக்கும். 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிக்கு அதைத் தயாரித்தவரே பொறுப்பு என்கின்றன. போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் பிறந்து ஊரெல்லாம் ஓடித் தேய்ந்த பேட்டரிகளில் ஒரு பங்கு, சோதிக்கப்பட்டு, உத்தரவாதத்தோடு, இந்த மாவட்டத்து மலைகளுக்கு வரட்டுமே. குப்பையைத் தள்ளிவிடுவதாக அது ஆகிவிடக் கூடாது, அதனால்தான் உத்தரவாதம் என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன்.

நான் கேட்பது நாலே விஷயம். ஆறு நகரங்களோடு ஆறு மலைகளையும் முன்னோடியாக அறிவியுங்கள், வத்தல்மலை அதில் ஒன்றாக இருக்கட்டும். வண்டிகள் பகலில் நிற்கும் இடங்களில் பிளக் வையுங்கள், பகல் யூனிட்டுக்கு விலையைக் குறையுங்கள். சேமிப்புக்குப் பணம் ஒதுக்கும்போது அதைப் பராமரிக்கவும் சேர்த்தே ஒதுக்குங்கள். நீரேற்றுத் திட்டம் எந்த மலைக்கு வந்தாலும், அங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஒரு பங்கு அந்த மலைக் கிராமசபைக்குச் சொந்தம் என்று எழுதிக் கொடுங்கள். இதில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. நோபல் பரிசு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது.

அன்று டீ குடித்து முடிக்கும்வரை கரண்ட் வரவில்லை. கிளம்பும்போது கடைக்காரர் கேட்டார்: "வெலை எவ்ளோங்க தம்பி?" சொன்னேன். யோசித்தார். "வெலை பரவால்லங்க. பெட்ரோலுக்கே அவ்ளோ போவுது. ஆனா கரண்ட நம்பி வாங்க முடியாதே." அவருடைய கூரைத் தகரம் பகல் பன்னிரண்டு மணி வெயிலில் கண் கூசும்படி மின்னிக்கொண்டிருந்தது.